ஐம்பத்தோராம் பக்கத்தில் ஒரு பீர் அட்டை

காதல் கதை படிக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கண்டுபிடிக்க அரசாங்கம் பணம் ஒதுக்கிய அதே வருடத்தில்தான் எவால்ட் பியெட்ரெக் படித்துக்கொண்டிருந்த காதல் கதை காணாமல் போனது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்கு முதலில் தோன்றவில்லை. அரசாங்கத்துக்கும் தோன்றியிருக்காது.

எவால்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி ஏறியே தலை நரைத்தவர். பாதி நுரையீரலில் கரியை வைத்துக்கொண்டு ஓய்வு வாங்கியவர். காலையில் எழுந்து முகம் கழுவினால் அடுத்த வேலை ரோஸ்விதாவின் பெட்டிக்கடைதான். ஒரு காப்பி, வெண்ணெய் தடவிய ஒரு ரொட்டி, அப்புறம் கடையின் பக்கவாட்டில் இருக்கும் வாழைப்பழ அட்டைப்பெட்டி. வாராவாரம் வெளிவரும் மெல்லிய காதல் கதைப் புத்தகங்கள் அதில் அடுக்கியிருக்கும். டாக்டர் கதை, மலைநாட்டுக் கதை, பிரபு வீட்டுக் கதை. படித்து முடித்த இரண்டைப் போட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பது கடைச் சட்டம். அந்தத் தெரு முழுவதும் பல வருடங்களாக அந்த ஒரு பெட்டியை வைத்துக்கொண்டுதான் காதலித்துவந்தது.

எவால்ட் தொடுவது டாக்டர் கதை மட்டும். ஏன் என்று கேட்டால் எழுத்து பெரிதாக இருக்கிறது என்பார். உண்மை வேறு. அவர் மனைவி இர்ம்கார்ட் ஒரு சின்ன அறுவைச் சிகிச்சைக்கென்று உள்ளே போனவள் கண் விழிக்கவில்லை. வெளியே வந்த டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். புத்தகத்து டாக்டர்கள் அப்படி இல்லை. அவர்கள் படுக்கை ஓரத்திலேயே விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள், கடைசியில் எல்லாரும் கண் விழிப்பார்கள். அதெல்லாம் பொய் என்று எவால்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொய் என்று தெரிந்துதான் வாரம் ஒன்று படித்தார்.

அந்தக் காலையில் அவர் கையில் இருந்தது ஒரு கதையின் இரண்டாம் பாகம். நர்ஸ் மரீன் அறுவை மேசையில் கிடக்கிறாள். முதல் பாகத்தில் அவள் வாய்க்கு வந்தபடி திட்டித் துரத்திய டாக்டர் ஃபால்க்தான் இப்போது கத்தியை எடுக்க வேண்டும். எடுக்கிறார். மின்சாரம் போய்விடுகிறது. இது ஐம்பத்தோராம் பக்கம். சரியாக அங்கே எவால்டுக்கு மூச்சு இரைத்தது, மூச்சுக்கு உறிஞ்சும் மருந்துக் குழலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். எனவே கோப்பைக்கு அடியில் வைக்கும் பீர் அட்டை ஒன்றை அந்தப் பக்கத்தில் செருகி, புத்தகத்தைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்தப் பேட்டையின் மதுக்கடைகளில் ஒருவன் பாதிக் கோப்பையோடு வெளியே போனால் கோப்பையின் வாயில் வட்ட அட்டையை வைத்துவிட்டுப் போவான். திரும்பி வருகிறேன், எடுக்காதே என்று பொருள். எவ்வளவு போதை ஏறினவனும் அந்தக் கோப்பையைத் தொட மாட்டான்.

எவால்ட் திரும்பி வந்தபோது புத்தகமும் இல்லை, பெட்டியும் இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வண்டி வந்ததாக ரோஸ்விதா சொன்னாள்.

"பண்பாட்டுச் சொத்துன்னாங்க, எவால்ட். எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வேற. வாழைப்பழப் பெட்டியோடயே தூக்கிட்டுப் போயிட்டாங்க, வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு. நான் பாலாடைக்கட்டி வெட்டும்போதுகூட அவ்வளவு சுத்தம் பாக்கறதில்ல."

"அட்டை வச்ச புக்கு ஒண்ணு இருந்துச்சே?"

"அதப் பாத்ததும் வந்த பொண்ணுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அத மட்டும் தனியா மடியில வச்சு எடுத்துட்டுப் போச்சு."

எவால்ட் பக்கத்துப் பேட்டைக் கடைகளுக்கு நடந்துபார்த்தார். எல்லா இடத்திலும் பெட்டி வைத்திருந்த தரை மட்டும் வெளுத்துக் கிடந்தது. அச்சிட்ட கம்பெனிக்குத் தொலைபேசியில் கேட்டார். விற்காமல் திரும்பியதையெல்லாம் அரைத்துக் கூழாக்கிவிடுவோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். மரீன் கண் விழிப்பாள் என்பது அவருக்குத் தெரியும், இந்தக் கதைகளில் விழிக்காமல் போனதே இல்லை. ஆனால் படிக்கும்வரை அவள் அந்த மேசையில்தானே கிடக்கிறாள்? இருட்டில், வயிற்றைத் திறந்து வைத்தபடி. ஒருத்தியை அப்படி விட்டுவிட்டு வந்தாயிற்று, அப்போது வேறு வழியில்லை. இன்னொருத்தியையும் விட அவருக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு டிராம் ஏறினார்.

வெகுசனக் காதல் புனைவு மற்றும் வாசக நடத்தை உயராய்வு நிலையம் என்று கண்ணாடிக் கதவில் எழுதியிருந்தது. பெயர் ஒரு கதவுக்குள் அடங்காமல் அடுத்த கதவுக்கும் போயிருந்ததால், யாராவது உள்ளே நுழையும்போதெல்லாம் காதல் ஒரு பக்கமும் நடத்தை மறுபக்கமுமாகப் பிரிந்தது. உள்ளே சுவர் முழுக்கப் புத்தகம். அதில் காதல் கதை ஒன்றுகூட இல்லை. காதல் கதைகளைப் பற்றிய ஆய்வுகள் ஒரு சுவரில், அந்த ஆய்வுகளைப் பற்றிய ஆய்வுகள் மூன்று சுவரில். கதைகளெல்லாம் பாதாள அறையில் குளிரூட்டிப் பூட்டியிருப்பதாகச் சொன்னார்கள்.

வாசகர் தொடர்புப் பிரிவின் தலைவி டாக்டர் ஃப்ரௌக்கே அவரை வரவேற்றாள். அந்தப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து தொடர்பு கொள்ள வந்த முதல் ஆள் எவால்ட்தான். அவசரமாக அவருக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னாள். என் புத்தகத்தைக் கொடுங்கள், கொஞ்சம் பாக்கி இருக்கிறது, படித்துவிட்டுத் தந்துவிடுகிறேன் என்று எவால்ட் சொன்னதும் காப்பி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சுவரில் ஒரு படத்தைக் காட்டினாள். காதல் கதை படிப்பவரின் முழு விவரம் அதில் இருந்தது. பெண். நடுவயது தாண்டியவள். சமையலறையில் படிப்பவள். கணவனோடு பேச்சு வார்த்தை குறைவு.

"இதுல நீங்க எங்கயுமே இல்லையே, ஐயா," என்றாள் பரிவோடு. "அது உங்க மனைவி படிச்சதா இருக்கும்."

"என் மனைவி போயிட்டா. அவ இதெல்லாம் தொடவே மாட்டா. தோட்டப் புத்தகம்தான் படிப்பா."

"போயிட்டாங்களா? அப்ப படிக்கறத நிறுத்தினதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்," என்று அவள் குறித்துக்கொண்டாள். பிறகு அவர் சட்டையில் ஒரு வில்லையைக் குத்திவிட்டாள். அதில் 'வாசகியின் கணவர்' என்று அச்சிட்டிருந்தது. அப்படி ஒரு வில்லை தயாராகவே இருந்ததுதான் எவால்டுக்குப் புரியவில்லை.

நிலையத்தின் இயக்குநர் பேராசிரியர் டாக்டர் டாக்டர் ஹார்ட்விக் ஸ்டெல்ட்சர். இரண்டு டாக்டர் பட்டமும் உண்மையானவை, ஒன்றையும் விட்டுவிட்டுக் கூப்பிடக் கூடாது. அவருடைய அறையில் ஒரு கண்ணாடிப் பேழை, அதற்குள் விளக்கொளியில் எவால்டின் புத்தகம், அதிலிருந்து நாக்கு நீட்டியபடி பீர் அட்டை. பேராசிரியர் அதைப் பார்த்த பார்வையை டாக்டர் ஃபால்க் மரீனைப் பார்த்தபோதுதான் எவால்ட் படித்திருக்கிறார்.

இந்த அட்டைதான் இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்றார் பேராசிரியர். காதல் கதை வாசகி முடிவைக் கெஞ்சி வாங்கிக்கொள்ளும் அடிமை என்று உலகம் நினைத்திருந்தது. இதோ ஒருத்தி, முடிவுக்குப் பக்கத்தில் போய், போதும் என்று சொல்லிவிட்டாள். பேராசிரியருக்குச் சொந்த ஊர் கொலோன். அங்கே பீர் போதும் என்றால்தான் கோப்பைமேல் அட்டையை வைப்பார்கள், வைக்காவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

"உங்க ஊர்ல அப்படிங்க," என்றார் எவால்ட். "எங்க பேட்டையில அட்டை வச்சா, வந்துடறேன்னு அர்த்தம். நான் வந்துட்டேன். குடுத்துடுங்க."

பேராசிரியர் ஃப்ரௌக்கேயின் பக்கம் திரும்பி, கணவர் மறுக்கிறார், எதிர்பார்த்ததுதான், எழுதிக்கொள் என்றார்.

சரி, அந்தப் பெண் பிழைத்தாளா இல்லையா, அதையாவது சொல்லுங்கள் என்று எவால்ட் கேட்டார். பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன், நண்பரே. ஒரு கதையக்கூட நான் முழுசாப் படிச்சதில்ல. படிச்சா ஆய்வாளனுக்கு வேண்டிய தூரம் போயிடும். என் மாணவர்களுக்கும் அதத்தான் சொல்றது. மொத வருஷம் ஒரு பையன் திருட்டுத்தனமா ஒண்ணப் படிச்சு முடிச்சுட்டான். நல்லா இருந்துச்சுன்னு வேற சொன்னான். வேற துறைக்கு மாத்திவிட்டோம்."

விடாமல் நச்சரித்ததில் எவால்டுக்கு வாசிப்பறை அனுமதி கிடைத்தது. வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டார்கள். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் மேற்பார்வைக்கு நின்றார்கள். அவர் உதடு அசைவதைப் பார்த்து ஒருவர் குறிப்பெடுத்தார். எவால்ட் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒன்பதாம் பக்கத்தில் முழுப்பக்கத்துக்கும் காலாணி பிளாஸ்திரி விளம்பரம், கட்டைவிரல் படத்தோடு. அதையும் விடாமல் படித்தார். ஐம்பத்தோராம் பக்கம் வந்தது. மறுபடியும் மின்சாரம் போனது. பக்கத்தைத் திருப்பக் கையை நீட்டியதும் இரண்டு பேரும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அட்டை அசையக் கூடாதாம். அட்டை எங்கே இருக்கிறது என்பதுதான் கண்டுபிடிப்பு, அசைந்தால் அது வெறும் அட்டை. பின்பக்கத்திலிருந்து திருப்பிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வாசகி செய்யாததை நிலையம் செய்ய முடியாது என்றாள் ஃப்ரௌக்கே.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. பக்க ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. கண்ணீர் என்று முடிவு செய்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அது ரோஸ்விதா கடைக் காப்பி என்று எவால்ட் மூன்று முறை சொன்னார். கறையில் பாலும் சர்க்கரையும் இருப்பதாக ஆய்வகம் எழுதியது. நிலையம் யோசித்தது. பால் என்பதால் அதைத் தாய்மை என்று முடிவு கட்டி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. சர்க்கரையைப் பற்றி அடுத்த கட்ட நிதி கிடைத்ததும் எழுதுவதாக அடிக்குறிப்பு போட்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் பேழையை மக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கும் விழா முடிவானது. கலாசார அமைச்சகத்திலிருந்து பெரிய ஆள் வருகிறார், மேயர் வருகிறார், அடுத்த ஐந்தாண்டுக்கான பணம் அவர்கள் முகம் கோணாமல் போவதைப் பொறுத்தது. மேடையில் ஏற்ற ஒரு வாசகி வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அத்தனை பேரும், நாங்கள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்போம், அப்புறம்தான் நிம்மதியாக மற்றதைப் படிப்போம் என்றார்கள். இவர்களெல்லாம் வாசகியரின் உண்மையான பிரதிநிதிகள் அல்ல என்று நிலையம் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது.

கடைசியில் ஃப்ரௌக்கே பெட்டிக்கடைக்கே வந்து ரோஸ்விதாவைக் கேட்டாள். ரோஸ்விதா வாழ்க்கையில் கால்பந்துப் பக்கத்தைத் தவிர எதையும் படித்தவள் இல்லை. முடிவை மட்டுமல்ல, தொடக்கத்தையே மறுத்தவள் என்று நிலையம் பூரித்துப்போனது.

"என்ன சொன்ன அவங்ககிட்ட?" என்று எவால்ட் அன்று மாலை கேட்டார். குரலில் கோபம் இருந்தது. தன் புத்தகத்தை வைத்து இவளும் மேடையேறுகிறாளே என்ற கோபம்.

"வர்றேன்னு சொன்னேன்," என்றாள் ரோஸ்விதா கோப்பையைத் துடைத்தபடி. "ஒண்ணே ஒண்ணு கேட்டேன். மேடையில அந்தப் புக்க என் கையில குடுக்கணும்னேன். போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு ஒத்துக்கிட்டாங்க. உன் படிக்கிற கண்ணாடிய எனக்குக் கொண்டா, எவால்ட். என்னோடது தூரப் பார்வைக்குத்தான் ஆகும்."

விழா மண்டபத்தில் வயலின் வாசித்தார்கள். நுரைக்கும் ஒயினோடு, ஆளுக்கு ஒரு கடிக்குக்கூடக் காணாத ரொட்டித் துண்டுகளை, வாழைப்பழ அட்டைப்பெட்டியில் அடுக்கிப் பரிமாறினார்கள். மக்கள் பண்பாட்டுக்கு மரியாதையாம். வாசகியின் கணவருக்குக் கடைசி வரிசையில், மேலங்கிகள் மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே இடம் ஒதுக்கியிருந்தார்கள். அமைச்சகத்துக்காரர் பேசினார். மேயர் பேசினார். பேராசிரியர் எழுந்தார்.

"இந்த நிலையம் தொடங்கியபோது எங்களைக் கேலி செய்தார்கள்," என்று ஆரம்பித்தார். "படிக்கிற பெண்கள் ஏன் படிக்கிறார்கள் என்று அவர்களையே கேட்டால் போதாதா என்றார்கள். கேட்டோம். பிடித்திருக்கிறது என்றார்கள். அவையோரே, பிடித்திருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு ஒரு நிலையம் நடத்த முடியுமா? இத்தனை பதவிகளை உருவாக்க முடியுமா? ஆகவே அவர்கள் சொல்வதைக் கேட்பதை நிறுத்தினோம். அன்று முதல்தான் எங்கள் துறை வளர்ந்தது."

பலத்த கைதட்டல். பேராசிரியர் பேழையைத் திறந்து, கையுறைக் கைகளால் புத்தகத்தை ரோஸ்விதாவிடம் கொடுத்தார். ஏன் அந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று ஒலிவாங்கியை நீட்டினார். ரோஸ்விதா எவால்டின் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டாள்.

"நான் எங்க நிறுத்தினேன்? இப்பத்தான் ஆரம்பிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் பீர் அட்டையை உருவி இடுப்புப் பட்டையில் செருகினாள். பக்கத்தைத் திருப்பினாள். உரக்கப் படித்தாள்.

ஃப்ரௌக்கே பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ரோஸ்விதாவுக்குக் கதை படிக்கத் தெரியாது. யார் எத்தனை கோல் என்று சனிக்கிழமை வாசிப்பதுபோலத்தான் படித்தாள். இருட்டில் டாக்டர் ஃபால்க் நிற்கிறார். கதவைத் திறந்துகொண்டு ஆஸ்பத்திரிக் காவலாளி ஓடி வருகிறார், கையில் டார்ச் விளக்கு. பேராசிரியர் சுதாரித்துக்கொண்டு, போதும், இது ஆய்வு முறைக்கே விரோதம் என்று புத்தகத்தைப் பறிக்கப் போனார். முன்வரிசையில் இருந்த மேயரின் மனைவி அவருடைய கோட்டு வாலைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க, பேராசிரியர். அங்க கரண்ட் போயிருக்கு."

அவர் உட்கார்ந்தார். ரோஸ்விதா படித்துக்கொண்டே போனாள். வெளிச்சம் ஆடாமல் காவலாளி கையை நீட்டியபடியே நிற்கிறார். தையல் போட்டு முடிகிறது. ஃபால்க் படுக்கை ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுகிறார். சன்னல் வெளுக்கிறது. மரீன் கண்ணைத் திறந்து, நீங்கள் தூங்கவே இல்லையா என்று கேட்கிறாள். மேலங்கிகளுக்குக் கீழே எவால்ட் அழுதார். மறைக்கவும் இல்லை. பாலும் சர்க்கரையும் கலக்காத கண்ணீர் அந்த நிலையத்துக்குள் விழுந்தது அதுவே முதல் தடவை, ஆனால் அதைச் சேகரிக்க யாரும் வரவில்லை. அமைச்சகத்துக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

படித்து முடித்ததும் ரோஸ்விதா அட்டையைக் கைக்கு வந்த ஒரு பக்கத்தில் செருகிப் புத்தகத்தை நீட்டினாள். ஃப்ரௌக்கே அதைப் பிடுங்கிப் பேழைக்குள் வைத்துப் பூட்டியபிறகுதான் மூச்சுவிட்டாள். பேராசிரியர் எழுந்து, இப்போது நீங்கள் கண்டது நிலையம் திட்டமிட்டு நடத்திய ஒரு நிகழ்த்துகலை என்று அறிவித்தார். முன்னதைவிடப் பலமான கைதட்டல். ஐந்தாண்டுக்கான பணம் பத்தாண்டுக்கு நீண்டது. எவால்ட் சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றி ஒரு மேலங்கிப் பையில் போட்டுவிட்டு டிராம் பிடித்தார்.

அடுத்த வசந்தத்தில் ரோஸ்விதாவின் கடையோரம் புதிய வாழைப்பழப் பெட்டி ஒன்று பாதி நிரம்பியிருந்தது. எவால்டின் பெயருக்குத் தபாலில் ஒரு தடித்த புத்தகம் வந்தது. பேராசிரியர் டாக்டர் டாக்டர் ஸ்டெல்ட்சர் எழுதியது. பேழையை மறுபடி அளந்து பார்த்ததில் அட்டை இருப்பது ஒன்பதாம் பக்கத்தில் என்று தெரிய வந்ததாம். ஐம்பத்தொன்று என்பது பழைய உதவியாளர்களின் அளவைப் பிழையாம். இவ்வளவு சீக்கிரமாகவே வாசகி கதையை மறுத்துவிட்டாள் என்பதை முதல் அத்தியாயம் நிறுவியது. அந்தப் பக்கத்தில் அவளைத் தடுத்து நிறுத்திய உள்வலி எது என்பதை மீதி எல்லா அத்தியாயங்களும் ஆராய்ந்தன. அட்டை அசையக் கூடாது என்பதால் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை என்று முன்னுரையிலேயே நேர்மையாகச் சொல்லியிருந்தார். நன்றியுரையில் வாசகியின் கணவருக்கும் ஒரு வரி இருந்தது.

"ஒன்பதாம் பக்கத்துல அப்படி என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"காலாணி பிளாஸ்திரி," என்றார் எவால்ட்.

காப்பியைக் குடித்து முடித்ததும் அந்தத் தடித்த புத்தகத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு ஒரு டாக்டர் கதையை உருவினார். ரோஸ்விதா ஜன்னல் வழியே கையை நீட்டித் தடுத்தாள்.

"ரெண்டு போட்டாத்தான் ஒண்ணு."

"இது நானூறு பக்கம், ரோஸ்விதா."

"நானூறு பக்கத்துல யாராச்சும் முழிச்சுக்கறாங்களா?"

எவால்ட் புத்தகத்தை மறுபடி எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். நிதானமாகப் படித்தார். சந்தேகத்துக்கு அதற்கு முந்தின பக்கத்தையும் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

"அப்ப அது கணக்குல வராது," என்றாள் ரோஸ்விதா.